முதுகில் உள்ள ஆரம்பநிலைத் தோல் புற்றுக்குப் பூசும் மருந்து மட்டும் போதுமா?

வரம்போரம் (கண்டாவளை):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் நெற்செய்கை. வயலில் நிற்கும்போது சட்டை போட மாட்டார். அவருடைய இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு தட்டையான தடம் நெடுநாளாக இருந்தது. செம்மண் நிறம், ஓரத்தில் நூல் போல ஒரு கறுப்புக் கோடு, மேலே மெல்லிய செதில். நோவும் இல்லை, கடியும் பெரிதாக இல்லை. படர்தாமரை என்று எண்ணிப் பார்மசியில் வாங்கிய களிம்பைப் பூசிவந்தார். சற்றே வெளிறும், பிறகு பழையபடி வந்துவிடும். தோல் வைத்திய நிபுணர் அதைப் பார்த்தவுடனேயே விறைப்பு ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுத்து அனுப்பினார். அறிக்கையில் “சுப்பர்பிஷல் பேசல் செல் கார்சினோமா” என்று வந்திருக்கிறது. தோலின் மேற்படையோடு நிற்கும் அடித்தளக் கலப் புற்றுநோய் என்றும், அது வேறு இடங்களுக்குப் பரவுவது மிகமிக அரிது என்றும் வைத்தியர் விளக்கினார்.

இரண்டு வழிகளை அவர் சொன்னார். ஒன்று, வெட்டி அகற்றித் தையல் போடுவது. மற்றையது, இமிக்குவிமொட் 5% என்னும் கிறீமை 6 வாரங்களுக்குப் பூசுவது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போது எங்கள் முடிவைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். அறுவடை நெருங்குவதால் அப்பா கிறீம்தான் என்கிறார். அண்ணாவோ, புற்றுநோயைக் களிம்பு பூசி மாற்றுவதென்பது நடக்கிற காரியமா, மேலே காய்ந்து உள்ளே வளர்ந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன் கூட்டாளி முகத்துக்குப் பூசி மீந்த புளோரோயூராசில் ரியூப் ஒன்றை ஊருக்கு வருபவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. முதுகு அப்பாவுக்கு எட்டாது. அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. வீட்டில் இருப்பவர் அண்ணி. அவர் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. நான் பக்கத்து ஊரில் இருக்கிறேன். இந்த மருந்துகளைப் பாவித்தவர்களோ, வைத்தியத்துறையில் உள்ளவர்களோ விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மாங்குளத்து அக்கா:

வணக்கம் தங்கைச்சி. நான் தோல் கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்கள் அப்பாவின் முதுகை நான் பார்க்கவில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

உங்கள் அண்ணாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் அந்த அறிக்கையின் முதற்சொல்லில் இருக்கிறது: “சுப்பர்பிஷல்”, அதாவது மேற்பரப்பு. அடித்தளக் கலப் புற்றில் பல வகைகள் உண்டு. மேற்பரப்பு வகையில் புற்றுக் கலங்கள் மேற்றோலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் படருமே தவிர, ஆழமாக இறங்கியிருக்காது. கிறீம் ஊறிச் செல்லும் ஆழத்துக்குள் முழுப் புற்றும் இருப்பதால்தான் அங்கே கிறீம் ஒரு சிகிச்சையாகிறது. முடிச்சாக உருண்டு வளரும் வகைக்குக் கிறீமின் பலன் குறைவு. வேர் விட்டதுபோல உள்ளே ஊடுருவும் வகைக்கு அது ஏற்றதேயல்ல. வயலில் கோரையின் தலையை மட்டும் கருக்கினால் கிழங்கு மீண்டும் முளைக்கும் என்பது உங்கள் அண்ணாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவருடைய பயம் நியாயமாவது அந்த ஆழமான வகைகளில்தான். எனவே அறிக்கையில் மேற்பரப்பு வகை மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளதா, அதனுடன் வேறு வகை கலந்திருக்கிறதா என்பதை வைத்தியரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடமும் முக்கியம். மூக்கு, கண்ணிமை, காது, உதடு ஆகியவற்றைச் சுற்றி வந்திருந்தால் பெரும்பாலான வைத்தியர்கள் கிறீமைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். முதுகு அந்த வகையில் நல்ல இடம். அளவும் 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது.

இனி, அந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். இமிக்குவிமொட் புற்றை எரிக்கும் அமிலமன்று. தோலில் காவல் நிற்கும் நோயெதிர்ப்புக் கலங்களை அது தட்டி எழுப்புகிறது. அவை இன்டர்பெரோன் போன்ற பொருட்களைச் சுரந்து, அதுவரை கண்டும் காணாமலும் விட்டிருந்த புற்றுக் கலங்களைத் தாக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பூசிய இடம் சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, பொருக்குக் கட்டும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எத்தனையோ பேர் இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அந்தச் சிவப்புத்தான் மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். தாங்க முடியாத அளவுக்குப் புண்ணானால் சில நாட்கள் இடைவெளி விட்டுத் தொடரலாம். ஆனால் அதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் புற்றுக்குரிய வழமையான முறை, வாரத்தில் 5 இரவுகள் வீதம் 6 வாரங்கள். படுக்கப் போகுமுன் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, தடத்தின் மேலும் அதைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் வரையும் மெல்லிய படையாகத் தேய்த்து, ஏறத்தாழ 8 மணித்தியாலம் விட்டு, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வைத்தியர் சொல்லாமல் பிளாஸ்ரர் ஒட்டி மூடக் கூடாது. பெரும்பாலும் சிறு பைக்கற்றுகளில் வரும். ஒரு முறை திறந்ததில் மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைத்திருக்கக் கூடாது. 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்கச் சொல்லி உறையிலேயே எழுதியிருப்பார்கள். தகரக் கூரை வீட்டில் சித்திரை மாதத்து மத்தியானம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறிட்ஜில் வைப்பதானால் உறையும் பகுதியில் வைக்காமல் கீழ்த்தட்டில் வைக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

பலன் எவ்வளவு என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆபத்துக் குறைந்த இடங்களில் வந்த அடித்தளக் கலப் புற்றுக்குச் சத்திரசிகிச்சையையும் இமிக்குவிமொட்டையும் ஒப்பிட்டு 5 ஆண்டுகள் வரை பார்த்தார்கள். சத்திரசிகிச்சையில் 97.7%, கிறீமில் 82.5% வெற்றி. ஆகவே கிறீம் பூசியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவருக்கு அது போதாமற் போயிருக்கிறது. அப்படிப் போதாமற் போனவர்களில் பெரும்பாலானோருக்கு அது முதலாண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது என்பது ஓர் ஆறுதல். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினரிடையே நடந்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த வகைப் புற்று மெதுவாக வளர்வது. திரும்பி வந்தாலும் அப்போது வெட்டி அகற்ற வழி இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டி எடுத்தால் அந்தத் துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். ஓரங்களில் புற்று மீந்திருக்கிறதா என்று எழுத்தில் பதில் வரும். கிறீமில் அப்படியொரு பதில் கிடைக்காது. பூசி முடித்து ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின் வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் கிளினிக்குக்குப் போய்வர வேண்டும். உங்கள் அப்பா கிளினிக்கைத் தவறவிடாதவரா? வயல் வேலை என்றால் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவரா? எனக்கு இது ஒரு பெரிய கேள்வியாகப் படுகிறது. இரண்டாம் வகையினர் என்றால், அறுவடை முடிந்த கையோடு வெட்டி எடுத்துவிடுவதே நல்லது என்று நான் சொல்வேன். விறைப்பு ஊசியோடு, புற்றைச் சுற்றி வழமையாக 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கும் சிறு சத்திரசிகிச்சை அது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். முதுகுத் தையல் இழுபடும் என்பதால் சில வாரங்களுக்கு நெல் மூட்டை தூக்க முடியாது. அவ்வளவுதான். இந்தப் புற்று சில வாரம் பொறுத்திருப்பதால் பெரிய கேடு வரப்போவதில்லை. ஆயினும் திகதியை வைத்தியருடன் பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

ரொறன்ரோ ரியூப் வேண்டாம். அது வேறு மருந்து, வேறு அளவு, வேறு முறை. இமிக்குவிமொட்டிலேயே 2.5%, 3.75%, 5% என்று உண்டு, புளோரோயூராசிலும் 0.5%, 4%, 5% என்று பலவாக வருகிறது. முகத்தில் வெயிலால் வரும் புற்றுக்கு முந்திய செதில்களுக்கு மாமாவின் கூட்டாளி பூசியிருக்கலாம். அதே ரியூப் அப்பாவின் முதுகுக்கு உரியது என்று எப்படிச் சொல்வது? போதாததற்குத் திறந்த ரியூப். மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

அண்ணியைப் பூச விட வேண்டாம். கர்ப்பிணிகள் இத்தகைய மருந்துகளைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. நீங்கள் இரவில் போய்ப் பூச முடியுமானால், கையுறை போட்டுப் பூசி, பிறகு கையையும் கழுவுங்கள். முடியாதென்றால், கிறீம் சரிவருமா என்ற கேள்விக்கு அதுவே ஒரு பதில்.

சோளகம் (ஒட்டுசுட்டான்):

அக்கா எழுதியதற்குப் பின் மருத்துவம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆயினும் மாமா சொன்ன அந்தப் புளோரோயூராசில் கிறீமை என் அம்மா பாவித்தவர் என்பதால், வீட்டில் அது எப்படியிருக்கும் என்பதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது போவன் நோய். தட்டைக் கலப் புற்று மேற்றோலைத் தாண்டாமல் அங்கேயே நிற்கும் ஆரம்பநிலை அது என்று சொன்னார்கள். கணுக்காலுக்கு மேலே, முன்னங்காலில், சிவந்து செதில் விட்ட ஒரு தடம். கவனிக்காமல் விட்டால் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது உள்ளிறங்கும் புற்றாக மாறலாம் என்றும் விளக்கினார்கள். அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. முன்னங்காலில் தோல் இறுக்கமாக எலும்போடு ஒட்டியிருப்பதால் வெட்டினால் இழுத்துத் தைப்பது கடினம். தோலை வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். நீரிழிவுக் காலில் அந்தப் புண் ஆறுவதும் சந்தேகம். அதனால்தான் வைத்தியரே கிறீமைத் தெரிவு செய்தார். நாங்கள் கேட்டு வாங்கியதன்று. இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: ஒருவருக்குக் கிறீம் கொடுத்தார்கள் என்பதை வைத்து இன்னொருவருக்கும் அதுதான் நல்லது என்று எங்கள் ஊரில் பலர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

5% கிறீம், நாளுக்கு இரண்டு முறை, ஏறத்தாழ நான்கு வாரங்கள். முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மா மருந்து பழுதோ என்று கேட்டார். அதன் பின் சிவந்தது. மூன்றாம் வாரம் தோல் உரிந்து, பச்சைப் புண்ணாகி, நோவும் எரிவும் கூடியது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும், இந்த மருந்தை உடனே நிறுத்து என்றுதான் சொன்னார்கள். பெரியம்மா ஒருபடி மேலே போய், குடற் புற்றுக்கு நாளத்தில் ஏற்றும் மருந்தாம் இது, காலில் பூசலாமா என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய்யில்லை, அதே மருந்துதான். வேகமாகப் பிரியும் கலங்கள் தங்கள் மரபுப் பொருளைப் படியெடுக்கத் தேவையான ஒரு கூறு உருவாகாதபடி அது தடுக்கிறது; பூசும்போது பெரும்பகுதி தோலோடு நின்றுவிடுவதால் முடி கொட்டுவது, வாந்தி போன்றவை வழமையாக வருவதில்லை என்று கிளினிக்கில் சொல்லித்தான் பெரியம்மாவை அடக்கினோம். ஆனாலும் அந்த மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குப் பூசினாலும் ஆபத்து நேரலாம் என்பதும், கர்ப்பிணிகளுக்கு இது முற்றாக விலக்கப்பட்டது என்பதும் உண்மை. உங்கள் அண்ணி இருக்கும் வீட்டில் அந்த ரியூப் இருக்கவே வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் நாய் முற்றத்திலும் திண்ணையிலும் மனிதரோடு மனிதராகத் திரியும். புளோரோயூராசில் நாய்க்கு நஞ்சு. ரியூபைக் கடித்தாலோ, பூசிய காலை நக்கினாலோ வலிப்பு வந்து செத்துப்போகக்கூடும். அந்தக் காலம் முழுவதும் எங்கள் நாயைக் கட்டித்தான் வைத்தோம். தங்கையின் அப்பாவுக்குக் கொடுக்கப்போவது இமிக்குவிமொட் என்றாலும், பூசிய துணி, கையுறை, வெறும் பைக்கற்று ஆகியவற்றை முற்றத்தில் எறியாமல் மூடிய குப்பையில் போடுங்கள்.

பூசி முடித்த பின் புண் ஆற மேலும் சில வாரங்கள் எடுத்தது. சோளகக் காற்றுக் காலம். புழுதி படாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அம்மா நீண்ட பாவாடை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். இப்போது அந்த இடத்தில் வெளிறிய ஒரு தழும்பு இருக்கிறது, தடம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கிளினிக்கிலும் வைத்தியர் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான்.

குளக்கட்டு:

இவ்வளவு சிக்கல் எதற்கு? எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து மருவில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கருகி விழுந்துவிடும். கிறீமும் எரிக்கிறது, சுண்ணாம்பும் எரிக்கிறது. என்ன வித்தியாசம் என்று அறிய விரும்புகிறேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

கனகராயன் (புதுக்குடியிருப்பு):

குளக்கட்டு அண்ணனின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். சுண்ணாம்பு எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் எரிக்கும். நல்ல கலம், கெட்ட கலம் என்று அது பார்க்காது. எவ்வளவு ஆழம் எரித்தது என்பதும் வைத்தவருக்குத் தெரியாது. மேலே கருகி விழுந்து தழும்பு மூடிக்கொண்டால் எல்லோரும் மாறிவிட்டது என்று நம்புவார்கள். தழும்பின் அடியில் மீந்த புற்று யார் கண்ணிலும் படாமல் வளரும். வைத்தியர்கள் பார்க்கும் நேரத்தில் அது ஆழமாகப் போயிருக்கும். மேற்கு நாடுகளிலும் “கறுப்புக் களிம்பு” என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் அரிக்கும் களிம்புகளை இணையத்தில் வாங்கிப் பூசி, மூக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். இமிக்குவிமொட்டும் புளோரோயூராசிலும் புண்ணாக்குவது உண்மைதான். ஆனால் முதலாவது எதிர்ப்புக் கலங்களின் வழியாகவும், இரண்டாவது வேகமாகப் பிரியும் கலங்களைத் தேர்ந்தும் தாக்குகின்றன. அதனால் சுற்றியுள்ள நல்ல தோல் பெரும்பாலும் மீண்டு வருகிறது. அதைவிட முக்கியம், பூசுவதற்கு முன் ஒரு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, இன்ன வகை, இவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொண்டு பூசுகிறார்கள். சுண்ணாம்பு வைப்பவர் மருவுக்கு வைத்தாரா, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுக்கு வைத்தாரா என்று யாருக்குத் தெரியும்?

இந்த இழையை வாசிக்கும் வன்னி மக்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்டவருடைய தந்தைக்கு இது பொருந்தாவிட்டாலும், வேறு பலருக்குப் பொருந்தும். கறுத்தத் தோலுக்குத் தோல் புற்று வராது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறைவு என்பது உண்மை. இல்லை என்பது பொய். எங்கள் தோலில் அடித்தளக் கலப் புற்றுப் பெரும்பாலும் கருநிறத்தோடு வருவதால் மச்சம் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். இந்தத் தந்தையாரின் தடத்தைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோடும் அப்படித்தான். மெலனோமா எங்களுக்கு வரும்போது வெயில் படும் முகத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலுமே வரப் பார்க்கும். ஆனால் நான் மிகவும் அஞ்சுவது பழைய தழும்புகளை. எரிகாயத் தழும்பு, ஷெல் பட்ட தழும்பு, பொய்க்கால் உரசி ஆறாமல் ஆண்டுக்கணக்கில் கசியும் புண் ஆகியவற்றில் தட்டைக் கலப் புற்று உருவாகலாம். பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஜொலன் 1828இல் இத்தகைய புண்களை விவரித்ததால் அவருடைய பெயராலேயே அது வழங்குகிறது. காயம் பட்டதற்கும் புற்று வருவதற்கும் இடையில் சராசரியாக 30 ஆண்டுகள் செல்லும் என்கிறார்கள். தொண்ணூறுகளில் காயப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் இப்போதுதான் வருகிறது.

பழைய தழும்பில் புதிதாகப் புண் வந்து மூன்று மாதங்களாகியும் ஆறாவிட்டால், அதன் ஓரம் தடித்து உருண்டால், தொட்டால் இரத்தம் கசிந்தால், நாற்றம் வந்தால் ஒருநாளும் களிம்பு தேடிப் போகாதீர்கள். அந்த வகைப் புற்று நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது; அதற்குக் கிறீம் சிகிச்சையே கிடையாது. மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்த் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேவையானால் அங்கிருந்து தெல்லிப்பழை அல்லது மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், பிறவியிலேயே தோல் வெளிறியவர்களும் இதே அளவு கவனமாக இருக்க வேண்டும். இமிக்குவிமொட் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வேலை செய்யும் மருந்து என்பதால், மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் தோல் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

வரம்போரம் (கண்டாவளை):

எல்லோருக்கும் நன்றி. இவற்றை அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சுண்ணாம்பைப் பற்றிய பகுதி வந்தபோது அப்பா ஒன்றும் பேசாமல் இருந்தார். ஆகவே அந்தக் கேள்வி சரியான நேரத்தில்தான் வந்தது, குளக்கட்டு அண்ணா.

அப்பா இன்னமும் கிறீம் பக்கமே நிற்கிறார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரவில் நான் போய்ப் பூசலாம் என்று என் கணவரும் சொல்கிறார். ஆயினும் முடிவெடுப்பதற்கு முன் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. பூசும் நாட்களில் காய்ச்சல் வருமென்று ஓரிடத்தில் வாசித்தேன். டெங்குக் காலத்தில் அதை எப்படிப் பிரித்தறிவது? ஆறிய பின் அந்த இடம் வெள்ளையாகிவிடுமா? வெண்தழும்பைப் பார்த்து ஊரார் வேறு நோய் என்று பேசுவார்களே என்று அம்மா கவலைப்படுகிறார்.

மாங்குளத்து அக்கா:

இமிக்குவிமொட் பூசும்போது சிலருக்கு உடம்பு உளைவு, குளிர், இலேசான காய்ச்சல், சோர்வு வருவதுண்டு. உடலில் சுரக்கும் இன்டர்பெரோன்தான் அதற்குக் காரணம். பூசுவதைச் சில நாள் நிறுத்தினால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் மாரிக்கும் அதற்குப் பின்னுமான டெங்குக் காலத்தில், இது கிறீமால்தான் என்று வீட்டிலிருந்தபடியே தீர்மானிக்கக் கூடாது. காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, இரண்டாம் நாளும் தொடர்ந்தாலோ, வாந்தி, வயிற்று நோவு வந்தாலோ வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் பரிசோதியுங்கள். கிறீம் பூசுவதையும் அங்கே சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், டைக்குளோபெனாக், இபுபுறூபென் எதையும் டெங்கு இல்லையென்று தெரியும்வரை கொடுக்க வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, அம்மா கவலைப்படுவது நடக்கக்கூடியதுதான். பூசிய இடம் வெளிறலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவே நிற்கும். எங்கள் நிறத்தில் அது எடுப்பாகத் தெரியும். வெட்டினாலும் கோடாக ஒரு தழும்பு இருக்கும் என்பதால் இதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அது தொற்றும் நோயன்று என்று கேட்கிறவர்களுக்குச் சொன்னாற் போதும். ஆனால் வெளிறிய அந்தத் தோலுக்கு வெயிலைத் தாங்கும் வலு குறைவு. பூசும் நாட்களிலும் அதன் பின்னரும் அப்பா வயலுக்குச் சட்டை போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். நீண்ட கைப் பருத்திச் சட்டையாக வாங்கிக் கொடுங்கள்.

பூசத் தொடங்குமுன் அந்த இடத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துத் தொலைபேசியில் படம் எடுங்கள். பிறகு கிழமைக்கு ஒன்றாக, அதே தூரத்திலிருந்து எடுத்துவந்து கிளினிக்கில் காட்டுங்கள். பூசிய நாட்களையும் விட்ட நாட்களையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் வைத்தியர் முதலில் பார்த்தவராகவே இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. புதியவருக்கு அந்தப் படங்களும் நோயியல் அறிக்கையின் ஒரு பிரதியும் கையில் இருந்தால், மீந்திருப்பது தழும்பா, தடமா என்று முடிவுசெய்வது எளிதாக இருக்கும். அவருக்குச் சந்தேகம் வந்தால் மீண்டும் ஒரு சிறு துண்டு எடுப்பார். அதற்கு அப்பா மறுப்புச் சொல்லாமல் இருக்கும்படி இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.